ரஷ்யர்களுக்கு வண்டி ஓட்டிய வருடங்கள்

1988 ஜூன் 14, செவ்வாய்

பள்ளிக்கூடம் மூடியாகிவிட்டது. பஸ்ஸைக் கழுவி டிப்போவில் விட்டேன். இருக்கைகளுக்கு அடியிலிருந்து மூன்று ஒற்றைச் செருப்புகளும் ஒரு பால்பல்லும் கிடைத்தன. பல்லுக்கு யாரும் உரிமை கோரவில்லை.

என் வீட்டுக்காரன் வெர்ல் ஆலையிலிருந்து வந்ததும், கை கழுவாமலே சொன்னான். "ரஷ்யாக்காரங்க வர்றது உறுதியாயிடுச்சு, லாரே. முப்பது பேரு. பதிமூணு வருஷத்துக்கு."

உடன்படிக்கையில் அப்படித்தான் எழுதியிருக்கிறதாம். நம் ஆட்கள் முப்பது பேர் அவர்கள் ஆலை வாசலில் போய் உட்காருவார்கள், அவர்கள் ஆட்கள் முப்பது பேர் இங்கே ஹார்மனில். வெர்ல் பத்தொன்பது வருடமாக ஏவுகணைக்கு எரிபொருள் கலக்குகிறவன். அந்த ஏவுகணை இனி கிடையாது என்று இரண்டு நாட்டுத் தலைவர்களும் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். யாரும் ரகசியமாகச் செய்யவில்லையே என்று பார்க்கத்தான் இந்த ஏற்பாடு.

"உன் கையப் பாத்துக்கிட்டு நிக்க முப்பது பேரா?" என்றேன். சிரிக்கவில்லை. சரி, ஆலையே பேசிப் பேசி ஓய்ந்துபோன விஷயம்.

ஜூன் 21, செவ்வாய்

பஸ் கம்பெனி மேலாளர் கூப்பிட்டார். அந்த முப்பது பேரும் தனியாக எங்கேயும் போகக்கூடாதாம்; கடைக்கு, பல் டாக்டரிடம், துணி வெளுக்க, எல்லாவற்றுக்கும் கம்பெனி வேனில்தான் போகவேண்டும். அதற்கு ஒரு ஓட்டுநர் வேண்டும். "அறுபது பிள்ளைங்களக் கண்ணாடியிலேயே முறைச்சு உக்கார வெக்கிறவ நீ. முப்பது பெரிய ஆளுங்க உனக்கு எம்மாத்திரம்?"

சரி என்று சொல்லிவிட்டேன். வீட்டில்தான் வினை.

"என் வேலைக்கு உலை வெக்க வர்றவனுக்கு நீ வண்டி ஓட்டப் போறியா?"

"நான் ஓட்டலன்னா நடந்து வந்து வெப்பாங்க, வெர்ல்."

முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான். ஆனாலும் உருளைக்கிழங்கு இரண்டு தட்டு உள்ளே போனது. அவ்வளவு பெரிய கோபம் இல்லை.

ஜூலை 5, செவ்வாய்

வந்துவிட்டார்கள். சனிக்கிழமை இறங்கினார்கள், திங்கட்கிழமை சுதந்திர தினம். வாண வேடிக்கை வெடித்தபோது இரண்டு பேர் குனிந்துவிட்டார்கள், பாவம். யாரும் சொல்லி வைக்கவில்லை போலிருக்கிறது.

அவர்களுக்காகப் பேசுகிறவர் அர்காடி ஸ்தெபானோவிச் லூக்கின். ஐம்பது வயது இருக்கும், ஒல்லி, காது பெரியது. இங்கிலீஷ் முழுக்கப் பழைய புத்தகங்களிலிருந்து கற்றது. எங்கள் ஊரில் யாரும் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. வேனில் ஏறியதும், "அம்மையீர், தங்களது ஓட்டுந்திறன் வியப்பிற்குரியது. எனினும் வேகத்தைச் சற்றே தணிக்க இயலுமா?" என்றார். பின்னால் ஒருவன் இருக்கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தான். அவ்வளவு ஒன்றும் வேகமாகப் போகவில்லை.

அவர்கள் வழக்கப்படி பேருக்குப் பின்னால் அப்பா பேரையும் சேர்த்துத்தான் மரியாதையாகக் கூப்பிடுவார்களாம். "தங்கள் தந்தையாரின் திருப்பெயர் யாது?"

"அல்மா."

முகம் ஒரு மாதிரி ஆனது. என்னவென்று கேட்டேன். சொல்லமாட்டேன் என்றார். விடுவேனா? கடைசியில், "மன்னிக்க வேண்டும். எங்கள் நாட்டில் அது நாய்களுக்குச் சூட்டப்படும் பெயர்" என்றார்.

எங்கள் சபைக்கென்றே உள்ள வேதத்திலிருந்து எடுத்து ஆண்களுக்கு வைக்கும் பேர் அது! அப்பா இருந்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பார். நானும் வண்டியை ஓரம்கட்டிச் சிரித்தேன். அப்போதிலிருந்து நான் லாரே அல்மோவ்னா.

ஜூலை 25, திங்கள்

ஊர் ஊர்வலம். ரஷ்யர்களை மேடையில் உட்கார வைக்கலாமா என்று நகர மன்றம் போன வாரம் ஒரு மணி நேரம் விவாதித்ததாம். டீலாய் ப்ராக்பேங்க் வேண்டாம் என்றார். பதினைந்து வருடமாக மன்றத்தில் இருப்பவர், மெயின் தெருவில் இரும்புக்கடை. "வேடிக்கை பாக்கட்டும். மேடை நம்ம ஊர்க்காரங்களுக்கு" என்றாராம். கெட்ட மனிதர் இல்லை. கொரியாவில் சண்டை போட்டவர், அவ்வளவுதான்.

ஆக எங்கள் வீட்டு மடக்கு நாற்காலிகளில், தெருவோரமாக எங்களோடு உட்கார்ந்தார்கள். வெர்ல் வராமல் இருக்க நினைத்தான், ஆனால் நாற்காலி அவனுடையதாயிற்றே. அர்காடிக்கு ஒரு ரூட் பீர் நீட்டினான். இது பேரில்தான் பீர், சாராயம் இல்லை என்றும் விளக்கினான்.

அர்காடி ஒரு மடக்குக் குடித்துவிட்டு யோசித்தார். "இது எந்த நோய்க்கு உரிய மருந்து?"

"உடன்படிக்கைக்கு" என்றான் வெர்ல்.

அர்காடி முழுவதையும் குடித்தார்.

செப்டம்பர் 9, வெள்ளி

இன்றைக்குச் சிரித்த சிரிப்பில் விலா வலிக்கிறது.

ஆலையிலிருந்து குறிப்பிட்ட நீளத்துக்கு மேல் எது வெளியே போனாலும் வாசலில் ரஷ்யர்கள் அளந்து பார்க்கவேண்டும் என்பது விதி. வெர்ல் வேலை முடிந்து நேராக ஏரிக்குப் போகலாமென்று மீன்பிடிப் படகைக் காரோடு கட்டி ஆலைக்கே இழுத்துக்கொண்டு போயிருக்கிறான். படகு அந்த நீளத்துக்கு ஒரு கை அதிகம்! அர்காடி டேப்பை எடுத்துக்கொண்டு வந்து, முனையிலிருந்து முனைவரை அளந்து, தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்து, எழுதினாராம்: படகு ஒன்று. உள்ளே தூண்டில் இரண்டு, ரொட்டி, புழு ஒரு டப்பா. ஏவுகணை இல்லை.

"என் புழு டப்பா மாஸ்கோவுக்குப் போவுதுடி, காகிதத்துல!" வெர்ல் மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தான். வாசலில் அர்காடி ஏரியில் என்ன மீன் என்று கேட்டாராம். நாளைக்கு வேனில் ஏரிக்குப் போக அனுமதி எழுதி வாங்கியிருக்கிறேன். வெர்ல் படகோடு பின்னால் வருவான்.

செப்டம்பர் 10, சனி

அர்காடி நான்கு. வெர்ல் ஒன்று. அதைப் பற்றிப் பேசக்கூடாது என்று உத்தரவு.

நவம்பர் 8, செவ்வாய்

ஜனாதிபதி தேர்தல். ஓட்டுப் போட்டேன். யாருக்கு என்று இங்கேகூட எழுதமாட்டேன், வெர்ல் இந்த நோட்டைத் திறந்து பார்ப்பான்.

1989 ஜனவரி 13, வெள்ளி

வெர்லுக்கு வேலை போய்விட்டது.

இருநூறு பேருக்கு மேல். காலையில் கூடத்துக்குக் கூப்பிட்டார்கள், பத்து நிமிஷம் பேசினார்கள், ஆளுக்கொரு உறை. அவ்வளவுதான். பத்தொம்பது வருஷம். என்னத்த எழுதுறது? சாப்பாட்டுப் பையோட வந்து நிக்கிறான், சாப்பாடு அப்படியே இருக்கு. "மத்தியானம் வரைக்கும் இருக்க விடல" என்கிறான். நான் அழக்கூடாதுன்னு பல்லைக் கடிச்சுக்கிட்டு அந்தச் சாப்பாட்டையே தட்டுல வெச்சுக் குடுத்தேன். சாப்பிட்டான்.

உடன்படிக்கை நல்லதுதானே? நல்லதுதான். நம்ம தலையில கொண்டு போடறதுக்கு வேறு ஏவுகணை செய்யமாட்டாங்க. நல்லதுன்னு எனக்குத் தெரியும். இருந்தாலும் —

ஜனவரி 14, சனி

வேனில் ஏறியதும் அர்காடி தொப்பியைக் கழற்றினார். "வெர்லுடைய செய்தியை அறிந்தேன். லாரே அல்மோவ்னா, என்ன சொல்வதென்று எனது அகராதியில் இல்லை."

எனது அகராதியிலும் இல்லை என்றேன். பல் டாக்டர் வாசலில் இறக்கிவிட்டேன்.

பிப்ரவரி 20, திங்கள்

வெர்ல் வீட்டில் உள்ள எல்லாவற்றையும் பழுது பார்த்துவிட்டான். பழுதில்லாதவற்றையும். டோஸ்டர் இப்போது ரொட்டியை அலமாரி உயரத்துக்கு எறிகிறது. பக்கத்து வீட்டு ஆர்வில்லா வந்து, "எங்க வீட்டுக்கு மட்டும் அவனை அனுப்பிடாதே" என்று கையெடுத்துக் கும்பிடாத குறை.

மார்ச் 27, திங்கள்

நேற்று ஈஸ்டர். அர்காடியின் நாட்டில் நேற்றுதான் தேர்தலாம். தூதரகத்திலிருந்து ஆள் வந்து குடியிருப்பிலேயே பெட்டி வைத்தார்களாம். இன்று வேனில் ஏறியதிலிருந்து அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை.

"இரண்டு பெயர்கள்! ஒரே தாளில் இரண்டு பெயர்கள், லாரே அல்மோவ்னா! இதுகாறும் ஒன்றுதான் இருக்கும். மடித்துப் பெட்டியில் இடுவோம். நேற்று ஒருவரின் பெயரை நானே, எனது பேனாவினால், அடித்தேன்."

"வேண்டியவருக்குக் குறி போடறதில்லையா?"

"இல்லை. வேண்டாதவரை அடிக்க வேண்டும்."

அது இன்னும் திருப்தியாக இருக்கும்போல. யாரை அடித்தீர் என்று கேட்டேன். சுற்றும் முற்றும் பார்த்தார். பிறகு, பார்க்கத் தேவையில்லை என்று ஞாபகம் வந்த மாதிரி சிரித்தார். "ஒரு தளபதியை."

நாள் முழுக்க எனக்கும் அந்தச் சந்தோஷம் ஒட்டிக்கொண்டது. ஏன் என்று தெரியவில்லை. எனக்கென்ன அவர்கள் தளபதியைத் தெரியும்?

மே 18, வியாழன்

டெட்ராய்ட்டிலிருந்து இரண்டு பேர் வந்து வெர்லைத் தேடினார்கள்! கார்களுக்குக் காற்றுப்பை செய்கிறவர்கள். கார் மோதினால் ஸ்டீயரிங்கிலிருந்து பை ஊதிக்கொண்டு வந்து முகத்தைத் தாங்கும். ஊதுவதற்கு உள்ளே ஒரு வில்லை மருந்து எரியவேண்டும், அளவாக, ஒரே சீராக. இனி எல்லாக் காரிலும் அது வரப்போகிறது. அந்த மருந்தைக் கலக்கத் தெரிந்தவர்கள் வேண்டும்.

"கண்ணை மூடித் தொறக்கற நேரம் இருக்குல்ல? அதுல பத்துல ஒரு பங்குக்குள்ள எரிஞ்சு முடியணும்" என்று வெர்ல் சொல்லும்போது, ஜனவரிக்குப் பிறகு முதல்முறையாக அவன் கை பேசுவதைப் பார்த்தேன். "ராக்கெட்டுக்குக் கலக்குனவனுக்கு இது என்ன பெரிய வேலை? அதே வேலைதான். சின்னது. அவ்வளவுதான்."

அவர்களுக்கு இடம் வேண்டும். ஆலைக்கு வடக்கே காலியாகக் கிடக்கும் கொட்டகைகள் பிடித்துப்போயின. அவை நகர மன்றத்தின் சொத்து. மன்றம் சரி என்றால் போதும். நானூறு பேருக்கு வேலை என்கிறார்கள்.

ஜூன் 13, செவ்வாய்

மன்றம் சரி என்று சொல்லவில்லை.

கூட்டத்துக்கு நானும் வெர்லும் ஆர்வில்லாவும் போனோம். டீலாய் எழுந்து நின்று பேசினார். "இந்த உடன்படிக்கை ரெண்டு வருஷம் தாங்காது. எத்தனை பாத்துட்டோம். நாளைக்கே அரசாங்கம் மறுபடி ஏவுகணை வேணும்னு வந்து நிக்கும். அப்ப கொட்டகைய யாரோ காருக்குப் பை தைக்கிறவனுக்குக் குடுத்துட்டோம்னு சொல்வீங்களா? அதுவுமில்லாம, பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்துல வெடிமருந்து."

"இருவது வருஷமா அங்க என்ன செஞ்சோம், டீலாய், பேரிக்காய் ஜாமா?" என்றான் வெர்ல்.

எல்லோரும் சிரித்தார்கள். ஆனாலும் மூன்றுக்கு இரண்டு என்று தள்ளிவிட்டார்கள். டெட்ராய்ட்காரர்கள் ஜனவரி கடைசி வரை காத்திருப்பார்களாம். அதற்குள் ஆகவில்லை என்றால் அரிஸோனாவுக்குப் போய்விடுவார்களாம்.

வெளியே வந்ததும் ஆர்வில்லா என் கையைப் பிடித்தாள். "டீலாயோட நாற்காலி நவம்பர்ல தேர்தலுக்கு வருது. யாரும் எதிர்த்து நிக்கல. நீ நில்லு."

"நான் பஸ் ஓட்டறவ, ஆர்வில்லா."

"அதான் சொல்றேன். இந்த ஊர்ல உனக்குத் தெரியாத வீடு ஒண்ணு சொல்லு பாப்போம்."

யோசித்தேன். ஒன்றுகூட இல்லை.

ஜூலை 19, புதன்

பேர் கொடுத்துவிட்டேன். எழுத்துப்பிழை ஒன்று, திருப்பி எழுதச் சொன்னார்கள். என் பேரில்!

ஜூலை 20, வியாழன்

அர்காடி கேட்டார்: "தாங்கள் வேட்பாளராக நிற்க யார் அனுமதி அளித்தது?"

"யாரும் இல்ல. நானே போய் ஒரு தாள்ல எழுதிக் குடுத்தேன்."

"மேலிடம்?"

"மேலிடத்துல வெர்ல் இருக்கான். அவன்கிட்ட அப்புறமாத்தான் சொன்னேன்."

அதை ரஷ்ய மொழியில் மற்றவர்களுக்குச் சொன்னார். வேன் முழுக்கச் சிரிப்பு. ஏரிக்கரை வரைக்கும் ஓயவில்லை.

செப்டம்பர் 16, சனி

இந்தப் பாவி மனுஷனை என்ன செய்யறது!

டெட்ராய்ட்காரர்கள் ஊருக்குச் செய்து காட்டுகிறோம் என்று பள்ளி மைதானத்தில் ஏற்பாடு செய்தார்கள். பழைய கார் ஒன்று, ஸ்டீயரிங்கில் பை, உள்ளே உட்கார்த்தி வைக்க ஒரு ரப்பர் பொம்மை. ஊரே வந்திருந்தது. வேனில் எட்டு ரஷ்யர்கள். டீலாய் முன்வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "பொம்மைக்கு என்ன வலி தெரியும்?" என்று உரக்கக் கேட்டார்.

நான் பேசுவதற்காகத் தாளைத் தேடிக்கொண்டிருந்தேன். நிமிர்ந்து பார்த்தால் — வெர்ல் காருக்குள்ள! பொம்மையைத் தூக்கிப் புல்லுல போட்டுட்டு அவன் உக்காந்திருக்கான். ஞாயித்துக்கிழமைத் தொப்பி வேற. என்ஜினீயர் ஓடறான், "வேணாம் சார், வேணாம் சார்"னு. வெர்ல் கேட்டானா? "நான் கலக்கப்போறதுல நான் உக்காரலன்னா யாருய்யா உக்காருவா? பட்டனை அமுக்கு!" நான் கத்தினேன். என்ன கத்தினேன்னு இங்க எழுத முடியாது, சபைக்காரங்க எல்லாம் இருந்தாங்க.

தம்!

தொப்பி கூரையில் அடித்தது. காருக்குள் ஒரே வெள்ளைப் பொடி. கதவு திறந்தது. மாவு மூட்டைக்குள் விழுந்த மாதிரி இறங்கினான். மூக்குக் கண்ணாடி கோணல். தொப்பியைத் தேடி எடுத்துத் தட்டிப் போட்டுக்கொண்டு டீலாயைப் பார்த்தான்.

"வலிக்கல, டீலாய். மூக்கு மட்டும் கொஞ்சம் கூச்சமா இருக்கு."

என்ன கைத்தட்டல்! ரஷ்யர்கள் எழுந்து நின்று ஒரே தாளத்தில் தட்டினார்கள். அர்காடி கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் ஓடிப்போய் வெர்லை ஓர் அடி வைத்தேன், பிறகு கட்டிப்பிடித்துக்கொண்டேன். என் நீல உடுப்பு முழுக்கப் பொடி. அதோடேயே மேடையேறிப் பேசினேன். எழுதி வைத்திருந்தது ஒன்றும் ஞாபகம் வரவில்லை. "பாத்தீங்கல்ல? இதான்" என்று சொல்லி இறங்கிவிட்டேன்.

அது போதுமாயிருந்தது என்கிறாள் ஆர்வில்லா.

அக்டோபர் 11, புதன்

வீட்டுக்கு வீடு ஒரு துண்டுத்தாள். "ஹார்மனை ஆளப்போவது யார், மாஸ்கோவின் டிரைவரா?" பேர் போடவில்லை. டீலாய் கடைக்கு நேரே போய்த் தாளை மேசையில் வைத்தேன். படித்தார். காது சிவந்துபோனது. "நான் அடிக்கல, லாரே. நான் அடிச்சா என் பேரைப் போட்டு அடிப்பேன்."

நம்புகிறேன். ஆனால் யாரோ அடித்திருக்கிறார்களே.

மளிகைக் கடையில் ஒருத்தி என்னைக் கண்டதும் தள்ளுவண்டியைத் திருப்பிக்கொண்டு போனாள். அவள் மகனை நான் ஆறு வருஷம் கூட்டிக்கிட்டுப் போயிருக்கேன். ஒரு தடவை வாந்தி எடுத்தான், என் ஸ்வெட்டர்ல. ஒரு வார்த்தை சொல்லல நான்.

விட்டுடலாமா? எதுக்கு இதெல்லாம்?

அக்டோபர் 12, வியாழன்

அர்காடிக்கும் யாரோ தாளைக் காட்டிவிட்டார்கள். வேன் நின்றதும் இறங்காமல் உட்கார்ந்திருந்தார். "வேறு ஓட்டுநரை அனுப்புமாறு நான் கடிதம் எழுதிவிடுகிறேன். தேர்தல் முடியும்வரை. அது தங்களுக்கு நன்மை பயக்கும்."

"எழுதினா நான் கிழிச்சுப் போட்ருவேன்" என்றேன். "நாளைக்குப் பத்து மணிக்குத் துணி வெளுக்கப் போகணும். தயாரா நில்லுங்க."

சொன்ன பிறகுதான் தெரிந்தது, விடப்போவதில்லை என்று.

அக்டோபர் 26, வியாழன்

பள்ளி அரங்கில் நானும் டீலாயும் எதிரெதிரே. நாற்காலி போதாமல் சுவரோரம் நின்றார்கள். டீலாய் நன்றாகத்தான் பேசினார், குழாய்கள் பற்றி, சாலை பற்றி. பதினாறு வருட விவரம்.

கேள்வி நேரம். பின்னாலிருந்து ஒருவர்: "ரஷ்யாக்காரனுக்கு வண்டி ஓட்ட உனக்குக் கூச்சமா இல்லையா?"

எழுந்தேன்.

"பதினோரு வருஷம் உங்க பிள்ளைங்களுக்கு ஓட்டியிருக்கேன். ரஷ்யாக்காரங்களுக்கும் அதே சட்டம்தான். உக்காரணும், துப்பக்கூடாது, ஏறுன அத்தனை பேரும் பத்திரமா இறங்கணும். ஒண்ணு மட்டும் சொல்றேன், அவங்க ஜன்னல்ல பபிள்கம் ஒட்டறதில்ல."

சிரிப்பு அடங்கவே நேரமாயிற்று. அப்புறம் இன்னொருவர், கொஞ்சம் கூர்மையாக: "உன் வீட்டுக்காரனுக்கு வேலை வேணும்னுதானே நிக்கிற?"

"ஆமா" என்றேன். "அவனுக்கு வேணும். அவனோட அன்னைக்கு உறையை வாங்கிட்டு வெளிய வந்தாங்களே, அத்தனை பேருக்கும் வேணும். டீலாய் சொல்றார், உடன்படிக்கை உடைஞ்சிரும், கொட்டகையக் காலியா வெச்சிருங்கன்னு. உடையணும்னு காத்துக்கிட்டு ஒரு ஊர் எத்தனை வருஷம் உக்காந்திருக்கும்? அந்த அளவு டேப்போட வாசல்ல நிக்கிறவங்களத் தினமும் பாக்கறேன். அவங்க வேலையச் சரியாத்தான் செய்யறாங்க. என் வீட்டுப் படகையே விடல."

இவ்வளவு பேசுவேன் என்று எனக்கே தெரியாது.

நவம்பர் 7, செவ்வாய்

ஓட்டுப் போட்டேன். தாளில் என் பேரை நானே பார்ப்பது, என்னமோ போல இருந்தது. பள்ளி பஸ் காலை நடை, மாலை நடை, நடுவில் வேன். யார் முகத்தையும் பார்க்கவில்லை.

நவம்பர் 8, புதன்

பதினோரு ஓட்டு வித்தியாசம்! பதினோரு!

எண்ணி, மறுபடி எண்ணி, காலையில்தான் சொன்னார்கள். ஆர்வில்லா இரவு உடுப்புக்கு மேல் அங்கியோடு தெருவில் ஓடி வந்தாள். வெர்ல் என்னைத் தூக்கப் பார்த்தான், முதுகு பிடித்துக்கொண்டது. இரண்டு பேருமாகச் சேர்ந்து அவனை நாற்காலியில் உட்காரவைத்தோம். வலியோடு சிரித்துக்கொண்டே இருக்கிறான்.

பஸ்ஸில் ஏறிய பிள்ளைகள் ஒவ்வொன்றும் "குட் மார்னிங், கௌன்சிலரம்மா" என்றன. யாரோ சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். கண்ணாடியில் முறைத்தேன், பலிக்கவில்லை.

மாலையில் டீலாய் வந்தார். கையில் அட்டைப்பெட்டி. உள்ளே வராமல் படியிலேயே நின்றார். "குழாய் வரைபடம் எல்லாம் இதுல இருக்கு. மூணாவது தெருவுக்கு அடியில ஒரு வால்வு இருக்கு, எந்தப் படத்துலயும் இருக்காது. குளிர் வர்றதுக்குள்ள பாத்துக்க." நான் கேக் வெட்டிக் கொடுத்தேன். நின்றுகொண்டே தின்றுவிட்டுப் போனார். நாளைக்கே அந்த வால்வைப் போய்ப் பார்க்கவேண்டும்.

நவம்பர் 9, வியாழன்

மத்தியானம் வேனில் வானொலி போட்டிருந்தேன். பெர்லினில் சுவரைத் திறந்துவிட்டார்கள்! ஜனங்கள் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய் வருகிறார்களாம், யாரும் சுடவில்லையாம்.

அர்காடி அதைச் சொன்னதும் வேனுக்குள் எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். அவர் முகத்தைக் கண்ணாடியில் பார்த்தேன். சந்தோஷமா, பயமா, எனக்குப் பிடிபடவில்லை. மளிகைக் கடை வாசலில் நிறுத்திவிட்டுக் கேட்டேன்: "நல்லதா, கெட்டதா?"

கண்ணாடியில் என்னைப் பார்த்தார். "எனது தம்பி அங்கே பட்டாளத்தில் இருக்கிறான். பன்னிரண்டு ஆண்டுகள்." பிறகு, முதல்முறையாக, அகராதியையெல்லாம் கீழே போட்டுவிட்டு, நம் வெர்ல் பேசுகிற மாதிரியே சொன்னார்: "அவன் வூட்டுக்கு வந்துருவான், லாரே. அவன் வூட்டுக்கு வந்துருவான்."

கடைக்குள் போய் எட்டு பேருமாக இருந்த ஐஸ்கிரீமையெல்லாம் வாங்கிக்கொண்டு வந்தார்கள். நவம்பர் குளிரில், வேன் ஜன்னல் முழுக்க மூச்சு ஆவி படிய, எல்லோரும் தின்றோம்.

1990 ஜனவரி 9, செவ்வாய்

என் முதல் கூட்டம். வடக்குக் கொட்டகை தீர்மானம் வந்தது. என் வீட்டுக்காரர் அங்கே வேலைக்குப் போகப்போகிறார் என்று எழுந்து சொல்லிப் பதிவு செய்யச் சொன்னேன். ஊருக்கே தெரிந்த விஷயத்தை எதற்கு எழுதவேண்டும் என்று செயலாளர் கேட்டார். எழுதுங்கள் என்றேன். மூன்றுக்கு இரண்டு. நிறைவேறியது.

வீட்டுக்கு வந்து வெர்லிடம் சொன்னேன். "ம்" என்றான். பிறகு கொல்லையில் போய் விறகு வெட்டினான். எங்களுக்கு விறகு அடுப்பே கிடையாது. பக்கத்து வீட்டுக்குத்தான்.

1992 மார்ச் 19, வியாழன்

அர்காடியிடமிருந்து கடிதம்! போன கோடையில் ஊர் திரும்பியவர். நாட்டின் பேரே மாறிவிட்டது, தபால்தலை மட்டும் பழையது, மேலே புது முத்திரை. தம்பி வந்துவிட்டான், பக்கத்துத் தெருவிலேயே வீடு.

அவர் தங்கள் வட்டார மன்றத்துக்குத் தேர்தலில் நின்றாராம். "நானே போய் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். ஒன்பது ஓட்டில் தோத்துட்டேன். அடுத்த முறை விட மாட்டேன். வெர்லிடம் சொல்லவும்: இங்கே ஆற்றில் நேற்று ஆறு மீன்."

வெர்லுக்குப் படித்துக் காட்டினேன். ஆறு என்ற இடத்தில் பொய் என்றான்.

1994 ஏப்ரல் 12, செவ்வாய்

மத்தியானம் மூன்று மணிக்கு மன்றக் கூட்டம், மேயர் நாற்காலியில் நான். பொதுமக்கள் பேசும் நேரத்தில் முதலில் எழுந்தவர் டீலாய். கையில் தொப்பி.

"மேயரம்மா, அஞ்சு மணிக்கு வடக்குக் கொட்டகையில ஷிப்ட் விட்டா என் கடை வாசல்ல ரோட்டைத் தாண்ட முடியல. கார் பின்னால கார். நேத்து இருபது நிமிஷம் நின்னேன்."

"அதுல எத்தனை கார் உங்க கடையில நிக்குது, டீலாய்?"

"அதான் கோளாறே. அதுங்க நிக்கறதாலதான் தாண்ட முடியல."

செயலாளரால் கொஞ்ச நேரம் எழுத முடியவில்லை, அவ்வளவு சிரிப்பு. மெயின் தெரு முனையில் ஊருக்கு முதல் போக்குவரத்து விளக்கு. ஐந்து கைகளும் உயர்ந்தன.

வெர்ல் ஐந்தே முக்காலுக்குத்தான் வந்தான், எரிச்சலோடு. "மெயின் தெருவுல நகரவே மாட்டேங்குது. யாராவது ஒரு விளக்கு வெக்கக்கூடாதா?"

"வெச்சாச்சு" என்றேன். "கை கழுவிட்டு வா."